‘மூடி டைப்’ என்று யாரைச் சொல்கிறோம்?

காலையில் கலகலவென்று பேசியவர், மதியம் காரணமே தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடுத்த மணி நேரம் எப்படி இருப்பாரோ, யாருக்கும் தெரியாது. ‘மூடி’ என்ற ஆங்கிலச் சொல் இவருக்குத்தான் பொருந்தும். நாமோ வாய் திறக்காதவர்களையெல்லாம் ‘மூடி டைப்’ ஆக்கிவிட்டோம். குறைவாகப் பேசுகிறவர் நேற்றும் அப்படித்தான், நாளையும் அப்படித்தான். அவரை அமைதியானவர் என்றால் போதுமே. முன்கோபியும் இதில் சேரமாட்டார். எதைச் சொன்னால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி.

‘பச்சோந்தி’ என்பது இன்னும் மோசம். அது ஆதாயத்துக்காக நிறம் மாறுகிறவரைத் திட்டும் சொல். மனம் போன போக்கில் மாறுகிறவருக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, பெரும்பாலும் நஷ்டம் அவருக்கே. ‘சபல புத்தி’க்கு நிலையில்லாத மனம் என்பதுதான் மூலப்பொருள். ஆனால் இன்று அப்படிச் சொன்னால், கேட்பவர் அதை ஒழுக்கக் குறையாகவே எடுத்துக்கொள்வார்.

எனக்கு மிகவும் வலிப்பது ‘பைபோலார்’ என்ற சொல்லை விளையாட்டாக வீசுவது. “இன்னைக்கு சார் பைபோலார் மோட்ல இருக்கார்” என்று சிரிக்கிறார்கள். அது, மனம் சில காலம் அளவுமீறிய எழுச்சியிலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் ஒரு மனநோயின் பெயர். காலைக்கும் மாலைக்கும் இடையில் மாறும் மனநிலை அல்ல அது. மருத்துவ வரையறைப்படி, முழு அளவிலான எழுச்சி நிலை பொதுவாகக் குறைந்தது 1 வாரமாவது நீடிக்கும். சோர்வு நிலை 2 வாரமாவது நீடிக்கும். எழுச்சி நாட்களில் 3 மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுவார்கள், கையில் இருப்பதையெல்லாம் செலவழிப்பார்கள், பேச்சு நிற்காது. இடையே மாதக்கணக்கில் எல்லோரையும் போலவும் இருப்பார்கள். லித்தியம் இதற்கு உதவும் என்று ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் 1949-லேயே எழுதினார். இன்றும் அது முக்கியமான மருந்து. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கிறவர் அந்தச் சிரிப்பைக் கேட்டால், தன் நோயை இன்னும் ஆழமாக மறைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு நாள் முகம் வாடியிருந்தால் ‘இன்னைக்கு மனசு சரியில்லை போல’ என்றாலே போதும். அதையே அவருடைய சுபாவம் என்று சொல்லிவிடக் கூடாது. எப்போதுமே அப்படி என்றால் ‘நேரத்துக்கு ஒரு மாதிரி இருப்பார்’ என்ற நம் பேச்சுவழக்கே கச்சிதம். நன்றாக இருந்தவர் சில வாரங்களாகத்தான் இப்படி என்றால் எந்தப் பெயரும் சூட்ட வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், தூக்கம் கெட்டாலும், ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலும் மனநிலை இப்படித் தடுமாறும். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.