ஈத்தர்நெட் ரிங் அமைப்பது எப்படி: ஈஆர்பிஎஸ் படிப்படியாக

ரவுட்டர்களை வளையமாக இணைத்துவிட்டால் ஒரு கேபிள் போனாலும் மறுபக்கமாகப் போக வழி இருக்கும். ஆனால் ஈத்தர்நெட்டில் வளையம் என்றாலே லூப். ஒரு பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் செய்தி) உள்ளே நுழைந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் நெட்வொர்க்கே படுத்துவிடும். அதனால்தான் ரிங் புரோட்டோகால்கள், வளையத்தில் ஒரு இணைப்பை வேண்டுமென்றே அடைத்து வைக்கின்றன. வேறெங்காவது அறுந்தால் அதைத் திறந்துவிடுகின்றன.

தொழிற்சாலைக் கருவிகளோடு ஒரே வளையத்தில் சேர வேண்டியிருந்தால் எம்ஆர்பி என்ற ரிங் புரோட்டோகாலை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி என் ஓட்டு ஈஆர்பிஎஸ்-க்குத்தான் (ஈத்தர்நெட் ரிங் ப்ரொடெக்ஷன் ஸ்விட்சிங்). அது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.8032 தரம் என்பதால் வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளையும் கலந்து வளையம் கட்டலாம். 16 நோடுக்குள் (நோடு என்றால் வளையத்தில் உள்ள ஒரு பெட்டி), ஃபைபர் நீளம் 1,200 கிலோமீட்டருக்குள் இருந்தால் 50 மில்லி வினாடியில் வழி மாறிவிட வேண்டும் என்பது அதன் இலக்கு.

முதலில் ஒரு கேபிளைக் கழற்றி வையுங்கள்

எல்லா நோடிலும் கான்ஃபிகரேஷன் முடியும் வரை வளையம் திறந்தே இருக்கட்டும். வெப் பக்கத்தை விட கன்சோல் கேபிளில் வேலை செய்வதே நல்லது. நடுவில் நெட்வொர்க் போனாலும் பெட்டி உங்கள் கையில் இருக்கும்.

போர்ட்டுகள்

ஒவ்வொரு நோடிலும் இரண்டு ரிங் போர்ட். ரவுட்டரில் போர்ட்டுக்கே ஐபி முகவரி கொடுத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, போர்ட்டை ஸ்விட்ச் போர்ட்டாக மாற்றி, ஐபியை விலான் (ஒரே கேபிளில் தனித்தனியாக ஓடும் துணை நெட்வொர்க்) இன்டர்ஃபேஸுக்குக் கொண்டுபோங்கள். ஈஆர்பிஎஸ் வேலை செய்வது லேயர் 2-இல், அதாவது ஐபிக்குக் கீழே உள்ள ஈத்தர்நெட் அடுக்கில். அப்புறம் அந்த இரண்டு போர்ட்டில் மட்டும் லூப்பைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயை அணையுங்கள். மற்ற போர்ட்டுகளில் அது ஓடட்டும். யாராவது தவறுதலாக லூப் போட்டால் காப்பாற்ற அதுதான் இருக்கிறது.

விலான்: இங்கே நிதானம் வேண்டும்

ரிங்கின் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குத் தனியாக ஒரு விலான் ஒதுக்குங்கள். 4000 என்று வைத்துக்கொள்வோம். எல்லா நோடிலும், இரண்டு ரிங் போர்ட்டிலும் அது டேக் ஆகியிருக்க (விலான் எண் ஒட்டிப் போக) வேண்டும். அதில் வேறு டிராஃபிக் எதுவும் போகக்கூடாது. ஒரே ஒரு நோடில் விட்டுப்போனாலும் அந்த இடத்தில் செய்தி நின்றுவிடும். லிங்க் விளக்குகள் பச்சையாகவே இருக்கும், ஆனால் கேபிள் அறுந்தது என்ற செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் போகலாம்.

அடுத்தது டேட்டா விலான்கள். ஈஆர்பிஎஸ் போர்ட்டை முழுசாக அடைப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள விலான்களுக்கு மட்டும்தான் அடைக்கிறது. பட்டியலில் இல்லாத ஒரு விலான் ரிங் போர்ட்டுகளில் இருந்தால், அதற்கு வளையம் முழுக்கத் திறந்திருக்கிறது என்று பொருள். ஸ்பேனிங் ட்ரீயையும் அணைத்துவிட்டோம், ஆக லூப் நிச்சயம். இதில் வழக்கமாக மாட்டுவது விலான் 1. நாம் சேர்க்காமலே பல பெட்டிகளில் அது எல்லாப் போர்ட்டிலும் டேக் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அதை ரிங் போர்ட்டிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் பட்டியலில் சேருங்கள். கேபிளைச் செருகுவதற்கு முன் ஒவ்வொரு நோடிலும் ரிங் போர்ட்டின் விலான் பட்டியலையும் பாதுகாப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஓனர்

அடைத்து வைக்கும் இணைப்புக்கு ஆர்பிஎல் என்று பெயர். அதன் ஒரு முனையில் உள்ள நோடை ஓனர் ஆக்குங்கள், மறுமுனையில் உள்ளதை நெய்பர் ஆக்குங்கள். ஒரு வளையத்துக்கு ஒரு ஓனர்தான். ரிங் எண் எல்லா நோடிலும் ஒன்றாக இருக்கட்டும். டைமர்களை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

செருகுங்கள், பிறகு பிடுங்குங்கள்

கடைசி கேபிளைச் செருகியதும் நிலை 'ஐடில்' (ஆர்பிஎல் அடைபட்ட இயல்பு நிலை) ஆக வேண்டும், ஆனால் உடனே ஆகாது. ஓனர் முதலில் 'பெண்டிங்' நிலையில் டபிள்யூடிஆர் (வெயிட் டு ரெஸ்டோர்) டைமர் முடியும் வரை காத்திருக்கும். அதன் இயல்பு அளவு 5 நிமிடம். ஐடிலுக்கு வந்தபின் நெட்வொர்க் செய்திகளைப் பார்க்க உதவும் வயர்ஷார்க்கில் 0x8902 ஈத்தர்டைப்பை (செய்தியின் வகையைச் சொல்லும் எண்) வடிகட்டிப் பாருங்கள்: ஓனரின் செய்தி 5 வினாடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்க வேண்டும்.

பிறகு வளையத்தின் இரு ஓரங்களுக்கு நடுவே 10 மில்லி வினாடிக்கு ஒரு பிங் ஓடவிட்டு, ஆர்பிஎல் அல்லாத ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். தொலைந்த பிங் ஐந்து என்றால் சுமார் 50 மில்லி வினாடி. வினாடிக்கு ஒன்றாகப் போகும் சாதா பிங்கில் இது தெரியவே தெரியாது. ஒரு கேபிளோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். விலான் விட்டுப்போன நோடு இருந்தால் இப்போதுதான் வெளியே வரும்.

பின்னர் சேர்த்தது: கேபிளைத் திரும்பச் செருகியும் ரிங் பழைய நிலைக்கு வரவில்லை என்று கேட்கிறார்கள். அதுவும் அதே டபிள்யூடிஆர்தான். லூசான கேபிள் விட்டுவிட்டு வந்தால் வளையம் அங்கும் இங்கும் ஆடாமல் இருக்கத்தான் அந்தக் காத்திருப்பு, குறைக்க அவசரப்படாதீர்கள்.

நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் காப்பரையும் இணைக்கும் பெட்டி) இருப்பவர்கள் கவனிக்க: ஃபைபர் அறுந்தாலும் காப்பர் பக்கம் லிங்க் அப்படியே இருந்தால் நோடுக்கு எதுவும் தெரியாது. கன்வெர்ட்டரில் லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூ வசதி (ஒரு பக்க லிங்க் போனால் மறுபக்கத்தையும் அணைப்பது) இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு நோடுகளுக்கு இடையே சிசிஎம் செய்திகளை (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தொடர்ந்து பார்க்கும் செய்திகள்) இயக்கி, லிங்க் போனதை அதன் வழியாகக் கண்டுபிடிக்கும்படி செய்யுங்கள்.