சுவர் டைல்ஸ் ஒட்டும்போது மூலையில் செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் தங்கை மகன், குளியலறைச் சுவருக்குத் தானே டைல்ஸ் ஒட்டப்போவதாக இறங்கினான். நான் போனபோது முதல் டைலை மூலையில் வைத்து உள்ளங்கையால் இறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தான்.

“டேய், கையை எடு.”

“ஏன் மாமா, மூலையிலிருந்துதானே ஆரம்பிக்கணும்?”

12 வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதே இடத்தில் அதே டைலைத் தள்ளுவதைப் பார்த்துவிட்டேன். ஸ்பேசர் (டைல்களுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கும் சின்னத் துண்டு) போட மறப்பது, பசையை அதிகமாகக் குழைத்துக் காயவிடுவது எல்லாம் ஒரே நாளில் திருந்திவிடும். அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. மூலையில் செய்த தவறு வேலை முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

மூலை நேராக இருக்கும் என்று நம்புவது

பூச்சு வேலையில் மட்டப்பலகை சுவரின் நடுவில் நன்றாக ஓடும். மூலைக்கு வந்தால் முட்டி நின்றுவிடும், அந்த இடத்தைக் கரணையால்தான் இழுத்துவிடுவார்கள். அதனால் மூலையில் பூச்சு கூடக் குறைய இருப்பது சகஜம். வெறும் கண்ணுக்குத் தெரியாது, தூக்குக்குண்டு விட்டால் தெரியும்.

என் குளியலறை மூலை 7 அடி உயரத்தில் 12 மி.மீ. சாய்ந்திருந்தது. நான் தூக்குக்குண்டு விடவில்லை. 12-க்கு 18 இஞ்ச் டைலை மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டே மேலே போனேன். டைலின் நான்கு மூலையும் செங்கோணம். அது பக்கவாட்டில் சாய்ந்தால், கிடைவரிசையும் அதே விகிதத்தில் ஏறும். 6 அடி அகலச் சுவரைக் கடப்பதற்குள் வரிசை 10 மி.மீ. ஏறிவிட்டது. பக்கத்துச் சுவரை ரசமட்டம் வைத்து ஒழுங்காக ஒட்டினேன். இரண்டு சுவரின் கோடுகளும் மூலையில் சந்திக்க வேண்டிய இடத்தில் படிக்கட்டு மாதிரி நின்றன.

தட்டி எடுத்தேன். டைலோடு பூச்சும் பெயர்ந்து வந்தது. கடையில் அதே பெயர், அதே அளவு டைல் கிடைத்தது. பெட்டியில் பேட்ச் நம்பர் மட்டும் வேறு. வெள்ளை வெள்ளைதானே என்று ஒட்டினேன். காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது புதிதாக ஒட்டிய இரண்டு வரிசை மட்டும் லேசான மஞ்சளாகத் தெரிகிறது. பல் தேய்க்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. இன்னமும் எரிச்சலாக இருக்கிறது.

முதலில் சுவர் அகலத்தை அளந்து கணக்குப் போடுங்கள். 1575 மி.மீ. சுவரில் 300 மி.மீ. டைலும் 2 மி.மீ. இடைவெளியும் என்றால், மூலையிலிருந்து ஆரம்பித்தால் ஐந்து முழு டைல் போய்க் கடைசியில் 6 செ.மீ. துண்டு மிஞ்சும். அந்தச் சின்னத் துண்டை வெட்டுவதும் சிரமம், பார்க்கவும் சகிக்காது. நடுவில் நான்கு முழு டைல் வையுங்கள், இரண்டு மூலையிலும் சுமார் 18 செ.மீ. துண்டு சமமாக வரும்.

அடுத்து, முழு டைல் முடியும் இடத்தில் தூக்குக்குண்டு விட்டுப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் மூலை. முழு டைல்களை அதை ஒட்டி முடித்துவிட்டு, மூலைத் துண்டுகளைக் கடைசியில் ஒவ்வொன்றாக அளந்து வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு, இரண்டிலும் 3 மி.மீ. கழித்து. ஒரே அளவில் பத்துத் துண்டை வெட்டி அடுக்கி வைக்கிறவர்களைப் பார்த்தால் தடுக்காமல் இருக்க முடிவதில்லை. மூலையின் சாய்வு முழுவதையும் அந்தத் துண்டுகள் வாங்கிக்கொள்ளும், கோடுகள் நேராக நிற்கும். வெட்டிய விளிம்பு மூலைக்குள் போகட்டும், கம்பெனி விளிம்பு வெளியே இருக்கட்டும்.

கதவுக்கு நேரெதிர்ச் சுவரை முதலில் முடியுங்கள். பக்கச் சுவர் டைல் அதன்மேல் வந்து முட்டினால், உள்ளே வருகிறவர் கண்ணுக்கு மூலை இடைவெளி தெரியாது.

வெளிமூலையில் 45 டிகிரி

சுவர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலையில், இரண்டு டைலின் விளிம்பையும் 45 டிகிரியில் சீவிச் சேர்ப்பார்கள். கிரைண்டரைப் பிடித்துப் பழகாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். சாதாரண செராமிக் சுவர் டைலின் உடம்பு மென்மையானது. மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சு வரைக்கும் கூராகச் சீவினால், வாளி இடித்த அன்றைக்கே விளிம்பு பொரிந்து செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும். செய்தே ஆக வேண்டுமென்றால், பளபளப்புக்கு முன்னால் 1 மி.மீ. விட்டுச் சீவுங்கள். இரண்டு டைலும் சேரும் இடத்துக்குப் பின்னால் பசையை நிறைத்து அடையுங்கள். உள்ளே பொள்ளலாக இருந்தால் ஒரு தட்டுக்குத் தாங்காது.

உள்மூலையில் க்ரவுட்

க்ரவுட், அதாவது டைல் இடைவெளியை அடைக்கும் கலவை, இங்கே வேண்டாம். இரண்டு சுவரும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தனித்தனியாக அசையும், க்ரவுட் மயிரிழையாக வெடித்துத் தண்ணீர் இறங்கும். க்ரவுட் நிறத்திலேயே சிலிக்கோன் சீலன்ட் (காய்ந்தபின் ரப்பர் மாதிரி வளைந்துகொடுப்பது) வாங்கி அடையுங்கள்.

பீடிங்

வெளிமூலையில் டைல் விளிம்பை மறைக்க வைக்கும் பட்டைதான் பீடிங். டைல் ஒட்டுவதற்கு முன்பே அதைப் பசையில் பதிக்க வேண்டும். டைல் தடிமனை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். டைல் தடிமனைவிடத் தாழ்வான பீடிங் வாங்கினால் டைல் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும், குளிக்கிறவர் முழங்கையைக் கிழிக்கும்.