பேட்ஜர் ஷேவிங் பிரஷ்ஷில் முடி கொட்டுகிறதா?

பேட்ஜர் என்கிற விலங்கின் முடியில் செய்த புது பிரஷ் என்றால் முதல் சில ஷேவிங்கில் நாலைந்து முடி நுரையோடு கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அது சகஜம், பசையில் சிக்காத உதிரி முடிகள். ஷாம்பு போட்டு அலசினால் பாதி அப்போதே வந்துவிடும், அந்த மிருக வாடையும் குறையும். வாரக்கணக்கில் கொட்டினாலோ, நடுவிலிருந்து கொத்தாக வந்தாலோ அடியில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. தயங்காமல் கடையில் மாற்றிக் கேளுங்கள்.

கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். அழுத்தித் தேய்க்காமல், பெயிண்ட் அடிப்பது போல நுனியால் தடவுங்கள். முடிந்ததும் அடிமுடியை விரலால் பிதுக்கி, சோப்பு போக அலசுங்கள். அங்கே சோப்பு படிந்து இறுகினால் முடி முறியும். அப்புறம் நன்றாக உதறி, காற்றோட்டமாக வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடுவதுதான் மகா தப்பு.