சைட்டோகைன் பாடத்தில் சறுக்கும் இடங்கள்

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடியில் சின்னதாக டியூஷன் எடுக்கிறேன். நர்சிங், மைக்ரோபயாலஜி பிள்ளைகள் வருவார்கள். விடைத்தாளில் முதல் வரியே இப்படித்தான் இருக்கும்: "உதவி டி செல் ஆன்டிபாடியைச் சுரக்கிறது." இல்லை. டி செல், பி செல் இரண்டும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள். கிருமியைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரப்பது பி செல்லிலிருந்து வரும் பிளாஸ்மா செல். டி செல் சுரப்பது சைட்டோகைன், அதாவது மற்ற செல்லுக்குச் சேதி சொல்லும் புரதம். சரி, இதைத் திருத்த ஒரு நிமிடம் போதும்.

அடுத்ததுதான் படுத்துகிறது. சைட்டோகைனை, ரத்தத்தில் தூரம் போகும் ஹார்மோன் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் டி செல்லை நெஞ்சிலும் பி செல்லைக் காலிலும் வரைந்து, நடுவே நீளமாக ஒரு சிவப்பு அம்பு போட்டிருந்தாள். "காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் பார்த்திருக்கியா?" என்றேன். அவள் அப்பா தினமும் போகிறவர். கூடையைச் சுற்றி நிற்கிறவருக்குத்தானே விலை காதில் விழும்? ராயபுரம் பாலத்தில் வந்துகொண்டிருப்பவருக்கு விழாது. நிணநீர் முடிச்சில் இரண்டு செல்களும் ஒட்டி நிற்கும்போது, அந்த ஒட்டிய இடத்தைப் பார்த்துத்தான் ஐஎல்-4, ஐஎல்-21 (ஐஎல் என்றால் இன்டர்லியூக்கின், சைட்டோகைனில் ஒரு வகை) எல்லாம் கொட்டப்படுகின்றன.

ஒட்டுவதில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பி செல் தான் பிடித்த ஆன்டிஜெனை (கிருமி போன்ற அந்நியப் பொருளை) துண்டாக்கிக் காட்டும். அதை அடையாளம் கண்ட டி செல், தன் மேற்பரப்பிலுள்ள சிடி40 லைகாண்ட் என்ற புரதத்தால் பி செல்லின் மேலுள்ள சிடி40 என்ற ஏற்பியைத் தொடும். இது கரைந்து மிதக்கிற பொருள் இல்லை. "எல்லாம் சைட்டோகைன்தான்" என்று எழுதுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இந்த லைகாண்டின் மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளிடம் டி செல்கள் இருக்கும். ஆன்டிபாடி வகைகளில் ஐஜிஎம்மும் இருக்கும், சிலருக்கு அதிகமாகவே. ஆனால் அந்தத் தொடுதல் நடக்காததால் ஐஜிஜி, ஐஜிஏ என்ற மற்ற வகைகள் அடிமட்டத்தில் கிடக்கும்.

அப்புறம் பழைய பெயர்கள். 1972இல் ஷிம்பில், வெக்கர் என்ற ஆய்வாளர்கள் டி செல்கள் வெளியிட்ட காரணியை, டி செல் இல்லாத சுண்டெலிச் செல் வளர்ப்பில் சேர்த்தார்கள், ஆன்டிபாடி வந்தது. டி செல்லுக்குப் பதிலாக நிற்பதால் டிஆர்எஃப் (டி செல் ரீப்ளேசிங் ஃபேக்டர்) என்று பெயர். அந்தப் பெயர் பின்னாளில் ஐஎல்-5க்குப் போய்ச் சேர்ந்தது. பிஎஸ்எஃப் (பி செல்லைத் தூண்டும் காரணி) என்ற பெயரும் அப்படித்தான்: பிஎஸ்எஃப்-1 என்பது ஐஎல்-4, பிஎஸ்எஃப்-2 என்பது ஐஎல்-6. பிள்ளைகள் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள், ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு போட்ட கதையாக.

பிள்ளைகளின் நோட்ஸில் "ஐஎல்-5 பி செல்லை வளர்க்கும்" என்றும் இருக்கும். அது சுண்டெலிக் கணக்கு. மனிதரில் அதன் பெரிய வேலை ஈசினோஃபில் என்ற இன்னொரு வெள்ளணுவோடு. ஈசினோஃபில் ஏறிய கடும் ஆஸ்துமாவுக்கு ஐஎல்-5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் ஊசி போடுவது அதனால்தான்.