லோடு மாத்தி ஏத்தினேன், பாதி தலைவலி போச்சு

லைசென்ஸ் கைக்கு வந்து மொத மாசம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்குற சரக்கு வண்டிக்கு எல்எம்வி (கார் மாதிரி இலகு ரக வண்டிக்கான) லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டதால பேட்ஜ்னு சொல்ற தனி அனுமதி இல்லாமலே சின்ன லாரி கிடைச்சுது. ஓட்டுறதுல பிரச்சனையே இல்ல, இறக்குறதுலதான். குடோன்ல எது கைக்கு வருதோ அத ஏத்திட்டு கெளம்பிடுவேன், பாரிமுனைல மொத கடைக்கு போனா அவங்க சரக்கு கேபின் பக்கம் அடியில கெடக்கும், நடுரோட்டுல பாதி லோட இறக்கி திரும்ப ஏத்தணும், பின்னாடி ஆட்டோக்காரங்க ஹாரன் அடிச்சே கொன்னுடுவாங்க. ஒருநாள் அவசரத்துல பிஸ்கட் பெட்டி மேல எண்ணெய் டின்ன வெச்சு நசுங்கிப்போச்சு, காசு என் சம்பளத்துல புடிச்சாங்க.

லோடுமேன் அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு, "தம்பி, கடைசி கடை சரக்க மொதல்ல ஏத்து". இப்ப பில்ல எல்லாம் ரூட் வரிசையா வெச்சுக்கிட்டு தலைகீழா ஏத்துறேன், டின்னு மூட்டையெல்லாம் அடியில, பெட்டி மேல, எல்லாத்துலயும் மார்க்கர்ல கடை நம்பர். ஏத்த இருபது நிமிஷம் கூடுதலா ஆகுது, ஆனா 3 மணிக்கு முடியுற லைன் 1 மணிக்கே முடியுது. சந்துல ரிவர்ஸ் எடுக்குறதுதான் இன்னும் பயம், கிளீனர் கெடையாது, அதனால இறங்கி பின்னாடி ஒரு தடவ பாத்துட்டுதான் எடுக்குறேன்.