மது இல்லாத சகான் சார்: மதுப்பழக்கத்திலிருந்து மீள்வோரின் மங்கோலியக் குழுக்களுக்கு

மங்கோலியப் புத்தாண்டான சகான் சாருக்கு முந்தைய இரவான பிதூனுக்கே கூட்டம் வையுங்கள். மறுநாள் முதல் வீடு வீடாகப் போகும்போது வோட்கா கிண்ணம் நீளும். வாங்கி, மோதிர விரலை நனைத்துத் தெளித்துத் திருப்பித் தருவது அங்கே ஏற்கப்பட்ட வழக்கம். ஆனால் மதுவை விட்ட முதல் ஆண்டில் இருப்பவர் அதைக் கையிலேயே எடுக்க வேண்டாம். வாசனையே போதும், ஆசை கிளம்பிவிடும். வீட்டாரிடம் முன்பே சொல்லி, அதே கிண்ணத்தில் பால் தரச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

ஜூலை 11 முதல் 13 வரை நாடம் விழா. அங்கே அய்ராக்தான் பெரிய பொறி. பால்தானே என்று பலர் குடித்துவிடுகிறார்கள். புளித்த குதிரைப்பாலான அதில் சுமார் 2 சதவீதம் மது உண்டு. ஷிமீன் அர்ஹி பாலிலிருந்து வடித்த சாராயம், அதுவும் கூடாது.

குழுவுக்கு உப்பிட்ட பால் தேநீரான சூத்தே சாய்: 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி பச்சைத் தேயிலையைக் கொதிக்கவிட்டு, 1 லிட்டர் பால், அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து, கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். கூடவே பூஸ் (ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டை), போர்ட்சோக் (பொரித்த மாவுப் பண்டம்).

மது இல்லாமல் 30 நாள், 90 நாள், ஓராண்டு நிறைவு செய்தவருக்கு, மரியாதைக்குத் தரும் ஹதக் என்ற நீலப் பட்டுத் துணியை இரு கைகளிலும் ஏந்தி, மடிப்பின் திறந்த பக்கம் பெறுபவரை நோக்க, அதன்மேல் பால் நிறைந்த வெள்ளிக் கிண்ணம் வைத்துக் கொடுங்கள். குழுவில் மூத்தவர் கொடுப்பதே சிறப்பு.