அடிவயிற்று ஸ்கேனுக்கு முதல்முறை போகிறீர்களா?

போன மாதம் என் தங்கையை அடிவயிற்று ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தது. எப்படித் தயாராக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது வழக்கம்போல பாத்ரூம் போய்விட்டு வந்தாள். உள்ளே கூப்பிட்டு வயிற்றில் வைத்துப் பார்த்தவுடன், "யூரின் நிறையலையேம்மா, தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. சீட்டைப் படியுங்கள்

'பெல்விஸ்' (அடிவயிறு) என்று மட்டும் இருந்தால் பொதுவாகச் சாப்பிட்டுவிட்டே போகலாம். 'அப்டமன் அண்ட் பெல்விஸ்' என்றால் மேல்வயிற்றையும் சேர்த்து, பித்தப்பையையும் பார்ப்பார்கள். சாப்பிட்டால் அது சுருங்கிவிடும் என்பதால் 6 மணி நேரமாவது வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். காபி, பால் கூடாது. முதல் நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தண்ணீர்

இது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஒலி அலையை அனுப்பிப் படம் எடுப்பது. குடலில் இருக்கும் காற்று அதைத் தடுத்துவிடும். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடலை மேலே தள்ளிவிடும். தண்ணீர் வழியாக ஒலி தடையில்லாமல் போவதால், பின்னால் இருக்கும் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் தெளிவாகத் தெரியும். இதற்காகத்தான் இத்தனை பாடு.

ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து டம்ளர், சுமார் 1 லிட்டர், நிதானமாகக் குடித்துவிட்டு சிறுநீர் கழிக்காமல் இருங்கள். என் யோசனை: முதலில் டோக்கன் வாங்குங்கள், முன்னால் எத்தனை பேர் என்று கேளுங்கள், அப்புறம் பாட்டிலைத் திறங்கள். முட்டிக்கொண்டு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சிஸ்டரிடம் சொன்னால் முன்னால் அனுப்புவார்கள், இல்லையென்றால் கொஞ்சம் போய்விட்டு வரச் சொல்வார்கள். சிறுநீரகம், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

3. அறைக்குள்

சுடிதார் வசதி. சேலை என்றால் பாவாடை நாடாவைத் தளர்த்தி இறக்கிவிடச் சொல்வார்கள். அடிவயிற்றில் ஜெல் தடவுவார்கள், சில்லென்று இருக்கும். தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று நிற்காமலிருக்கத்தான் அது. நிறைந்த சிறுநீர்ப்பையின் மேல் கருவியை அழுத்தும்போது சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது.

டாக்டர் திரையைப் பார்த்தபடி பக்கத்தில் டைப் செய்பவரிடம் எண்களாகச் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொரு எண்ணுக்கும் என் தங்கையின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. அவை வெறும் நீள அகல அளவுகள். நோயின் பட்டியல் என்று பயப்படாதீர்கள். முடிந்ததும் ஜெல்லைத் துடைத்துவிட்டு நேராக பாத்ரூமுக்குப் போகலாம்.

4. உள் ஸ்கேன்

சிலருக்கு 'டிவிஎஸ்' என்று சொல்லி, பிறப்புறுப்பு வழியாகவும் பார்ப்பார்கள். கர்ப்பப்பைக்கு மிக அருகிலிருந்து பார்ப்பதால் படம் இன்னும் தெளிவாக இருக்கும். இதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஃபைப்ராய்டு என்கிற கர்ப்பப்பைத் தசைக்கட்டிக்காக எனக்கு எடுத்தபோது இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் நடுங்கிப்போனேன். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள், மேலே துணி போர்த்துவார்கள். மெல்லிய நீளமான கருவிக்குப் புது ஆணுறை மாட்டி, ஜெல் தடவி, மெதுவாக உள்ளே செலுத்துவார்கள். லேட்டக்ஸ் (ரப்பர்) ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். உடம்பை இறுக்கினால் வலி கூடும், வாயால் மூச்சு விடுங்கள். மாதவிலக்கு நாளிலும் எடுக்கலாம், வெட்கப்பட வேண்டாம்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பார்கள். தாம்பத்திய உறவு இருந்திருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். இல்லை என்றால் வழக்கமாக வயிற்றின் மேலேயே பார்த்துவிடுவார்கள். அம்மா முன்னால் பதில் சொல்ல முடியாதென்றால், அவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள். பெண் டாக்டர் வேண்டும், ஒரு சிஸ்டர் கூட நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். பாதியில் "வேண்டாம், நிறுத்துங்க" என்று சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும். உங்கள் சம்மதமில்லாமல் யாரும் செய்யக் கூடாது.

5. ரிப்போர்ட்

கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று இருக்கும், சுருக்கம் அதுதான். 'ஆண்டிவெர்டட்' என்றால் கர்ப்பப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, பெரும்பாலான பெண்களுக்கு அப்படித்தான். 'பாலிசிஸ்டிக் ஓவரி' என்று பார்த்ததும் கலங்க வேண்டாம். அதில் தெரிபவை முழுதாக வளராத சின்னச் சின்ன முட்டைப் பைகள். ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறு என்று முடிவு கட்ட மாட்டார்கள், மாதவிலக்குக் கணக்கும் ஹார்மோன் பரிசோதனையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகாத பெண்ணுக்கு இந்த முடிவுக்கு ஸ்கேனையே நம்பக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல்.

பழைய ரிப்போர்ட் இருந்தால் கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள். என் கட்டி வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொன்னார்.